டிடிபி ஆர்டரும் ஐரோப்பா ஒப்பந்தமும்: டியூட்டி உண்மையிலேயே எப்போது போகும்?

நூல்கண்டு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் நானும் அண்ணனும் சேர்ந்து 48 மெஷின் வைத்து பனியன் ஏற்றுமதி செய்கிறோம். பெரும்பாலும் காட்டன் டி-ஷர்ட், கொஞ்சம் குழந்தைகள் உடை. அமெரிக்க ஆர்டர் ஒன்று இருந்தது, 2025 ஆகஸ்டில் 50% வரி வந்ததும் நின்றுவிட்டது. இப்போது கையில் இருப்பது ஒரே ஒரு ஐரோப்பிய பையர்தான். அவரையும் விட்டால் பாதி மெஷின் சும்மா நிற்கும்.

விஷயம் இதுதான். அந்த பையருக்கு நாங்கள் டிடிபி விலையில் கொடுக்கிறோம். அதாவது அங்கே கட்ட வேண்டிய டியூட்டியும் எங்கள் விலைக்குள்ளேயே அடக்கம், அங்குள்ள கிளியரிங் ஏஜென்ட் மூலமாக நாங்களே கட்டிவிடுவோம். 2026 ஜனவரி 27 அன்று டெல்லியில் இந்தியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் வர்த்தகப் பேச்சு முடிந்தது என்று அறிவித்தார்கள் இல்லையா, மூன்றாவது வாரமே பையரிடமிருந்து மெயில் வந்துவிட்டது. 12% டியூட்டி போகப்போகிறது, அதனால் நவம்பரில் வந்து இறங்கும் சரக்குக்கு டியூட்டி சேர்க்காத விலை கொடுங்கள் என்று கேட்கிறார். பதினைந்து நாளில் பதில் சொல்ல வேண்டும். அண்ணன் ஒத்துக்கொள்ளலாம் என்கிறார், பேப்பரிலேயே முடிந்தது என்றுதானே போட்டிருக்கிறான் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. எங்களுக்கு நிற்பதே 5, 6 சதவீதம். நவம்பரில் சரக்கு இறங்கும்போது 12% இன்னும் இருந்தால் அந்தப் பணத்துக்கு வட்டிக்குத்தான் போக வேண்டும்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இந்தப் பேச்சு 2007-இல் ஆரம்பித்தது என்று படித்தேன். அப்பா எங்கள் யூனிட்டை ஆரம்பித்ததும் அதே வருடம்தான். அவர் இறந்தே ஆறு வருடம் ஆகிறது. ஒரு வரியை எடுக்க இவ்வளவு காலம் ஏன்? அந்த அறைக்குள் உட்கார்ந்து என்னதான் பேசுவார்கள்? எங்களைப் போல 48 மெஷின்காரனுக்காக அங்கே யாராவது பேசுகிறார்களா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

கப்பல்தாள்

தம்பி, முதலில் அந்த மெயிலுக்குச் சரி என்று பதில் போட்டுவிடாதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

நான் இருபது வருடத்துக்கு மேலாக ஏற்றுமதி ஆவண வேலையில் இருக்கிறேன். பேச்சு முடிந்தது என்றால், இரண்டு பக்கத்து அதிகாரிகளும் என்ன எழுத வேண்டும் என்பதில் ஒத்துப்போய்விட்டார்கள் என்று மட்டும்தான் அர்த்தம். கையெழுத்து இன்னும் ஆகவில்லை. இதற்கப்புறம் வக்கீல்கள் உட்கார்ந்து வரிக்கு வரி சரிபார்ப்பார்கள், ஓர் அத்தியாயத்தில் ஒரு சொல்லும் இன்னொன்றில் வேறு சொல்லும் இருந்தால் நாளைக்கு வழக்கு வரும் என்பதால் அதற்கே மாதக்கணக்கில் ஆகும். பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தின் 24 அதிகாரபூர்வ மொழிகளில் மொழிபெயர்க்க வேண்டும். உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் அவை ஒப்புக்கொண்ட பிறகு கையெழுத்து, அதற்கும் பிறகு ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ஓட்டு. நம் பக்கம் சுலபம், மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தால் போதும், நாடாளுமன்ற ஓட்டு தேவையில்லை, சுங்க அறிவிக்கை வெளியிட்டு நடைமுறைக்குக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் உங்கள் டி-ஷர்ட்டுக்கு டியூட்டி விழுவது அந்தப் பக்கம், அங்கே எல்லாம் முடிந்த பிறகுதான் விலக்கு.

பழைய கணக்கைப் பாருங்கள். ஜப்பானுடன் ஐரோப்பிய ஒன்றியம் 2017 டிசம்பரில் பேச்சை முடித்தது, 2019 பிப்ரவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 14 மாதம், அதுவே வேகம் என்று சொல்லப்பட்டது. வியட்நாமுடன் 2015 டிசம்பரில் முடித்தார்கள், கையெழுத்தானது 2019 ஜூன் 30, நடைமுறைக்கு வந்தது 2020 ஆகஸ்ட் 1. கிட்டத்தட்ட நாலே முக்கால் வருடம். 2016-இலேயே ஒரு வியட்நாம் தையல்காரர் டியூட்டி இல்லாத விலையில் டிடிபி ஆர்டர் எடுத்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். நம் ஊர் உதாரணமே வேண்டுமானால், சுவிட்சர்லாந்து, நார்வே அடங்கிய எஃப்டா நாடுகளுடன் 2024 மார்ச் 10-இல் கையெழுத்து போட்டோம், நடைமுறைக்கு வந்தது 2025 அக்டோபர் 1.

வியட்நாமுக்கு ஏன் அவ்வளவு இழுத்தது என்றால், நடுவில் 2017-இல் சிங்கப்பூர் ஒப்பந்தம் பற்றி ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு கருத்து சொன்னது. சரக்கு, சேவை வர்த்தகம் எல்லாம் ஒன்றியத்தின் அதிகாரத்திலேயே முடித்துக்கொள்ளலாம், ஆனால் முதலீட்டாளர் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போடும் ஏற்பாடு உள்ளே இருந்தால் ஒவ்வொரு உறுப்பு நாடும் தனித்தனியாக ஒப்புதல் தர வேண்டும் என்று. அதனால் வியட்நாம் ஒப்பந்தத்தை இரண்டாக வெட்டினார்கள். தனித்தனி ஒப்புதல் என்றால் என்ன பாடு என்பதற்குக் கனடாதான் சாட்சி. 2009-இல் ஆரம்பித்து 2014-இல் பேசி முடித்த ஒப்பந்தம், 2016 அக்டோபரில் கையெழுத்து போட எல்லோரும் தயாராக நின்றபோது பெல்ஜியத்துக்குள் இருக்கும் வலோனியா என்ற ஒரு மாநிலம், சுமார் 36 லட்சம் மக்கள், முடியாது என்று சொல்லிவிட்டது. அவர்கள் பயம் மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி வளர்க்கும் விவசாயிகளைப் பற்றியும், கம்பெனிகள் அரசைக் கோர்ட்டுக்கு இழுப்பதைப் பற்றியும். கனடாவின் வர்த்தக அமைச்சர் கிறிஸ்டியா ஃப்ரீலேண்ட் பேச்சை விட்டே எழுந்து போனார். கடைசியில் விளக்கக் குறிப்புகள் சேர்த்து அக்டோபர் 30-இல் கையெழுத்தாகி, 2017 செப்டம்பர் 21 முதல் தற்காலிகமாக அமலில் இருக்கிறது. இன்றுவரை எல்லா நாடுகளும் ஒப்புதல் தரவில்லை, இன்னமும் தற்காலிகம்தான்.

இந்தியா விஷயத்தில் நல்ல சேதி, 2022-இல் மறுபடி ஆரம்பித்தபோதே வர்த்தகம் ஒன்று, முதலீட்டுப் பாதுகாப்பு ஒன்று, புவிசார் குறியீடு ஒன்று என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். அதனால் வலோனியா மாதிரி ஓர் இடத்தில் சிக்குவதற்கு வாய்ப்பு குறைவு. ஆனாலும் இந்த நவம்பரை நம்பி நான் ஒரு ரூபாய் கூடப் பந்தயம் வைக்க மாட்டேன்.

பையருக்கு இப்படி எழுதுங்கள்: விலை, சரக்கு இறங்கும் நாளில் அமலில் இருக்கும் டியூட்டியின்படி. டியூட்டி குறைந்தால் குறைந்த அளவுக்கு விலையில் கழித்துத் தருகிறோம், குறையாவிட்டால் பழைய விலை. நியாயமான பையர் இதை மறுக்க மாட்டார். மறுத்தால் எஃப்ஓபி-க்கு, அதாவது இங்கே கப்பலில் ஏற்றுவதுவரை மட்டும் நம் பொறுப்பு என்ற விலைக்கு, மாறச் சொல்லுங்கள், டியூட்டி அவர் தலைக்குப் போகட்டும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இரவு எழுதுகிறேன், அது பெரிது.

ஆற்றோரம்

ஐக்கிய அரபு அமீரகத்துடன் 88 நாளில் பேசி முடித்தோம். 2022 பிப்ரவரி 18 கையெழுத்து, மே 1 அமல். மனம் இருந்தால் முடியும் என்பதற்கு அதுவே சான்று. ஐரோப்பாவுக்கு மட்டும் 19 வருடம் என்றால் இரண்டு பக்க அதிகாரிகளும் இழுத்தடித்தார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். இந்த இடைவெளியில் வங்கதேசம் எங்கே போய்விட்டது பாருங்கள். அவர்களுக்குப் பின்தங்கிய நாடு என்ற சலுகையில் ஐரோப்பாவில் பூஜ்ய வரி, நமக்கு 12% வரை. அந்த வித்தியாசத்தில்தான் எத்தனை யூனிட் மூடின. நூல்கண்டு மாதிரி ஆட்கள் கொடுத்த விலை அது.

கப்பல்தாள்

ஆற்றோரம், வங்கதேசம் பற்றிச் சொன்னது முழுக்க சரி, அந்தக் கோபம் எனக்கும் உண்டு. இப்போது நமக்குப் பூஜ்யம் வந்தாலும் அது முந்துவதற்கான வாய்ப்பு இல்லை, சமமாக நிற்பதற்கான வாய்ப்புதான். 2026 நவம்பர் 24-இல் வங்கதேசம் பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்து வெளியே வருவதாக இருக்கிறது, ஆனால் ஐரோப்பா அதற்கப்புறமும் மூன்று வருடம் சலுகையை நீட்டித்துத் தரும்.

இழுத்தடிப்பு என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 19 வருடமும் பேசவில்லை. 2007-லிருந்து 2013 வரை பேசினார்கள், நின்றது. 2022 ஜூன் வரை முறையான பேச்சு நடக்கவில்லை. மறுபடி மூன்றரை வருடம். முதல் சுற்றில் எதில் நின்றது என்று பார்த்தால், நூல்கண்டு தம்பி, உங்கள் பனியனில் இல்லை. பனியனில் அவர்களுக்குப் பெரிய ஆட்சேபணையே கிடையாது. அவர்கள் கேட்டது கார், மதுபானம். கார் இறக்குமதிக்கு இங்கே பெரிய வரி, மதுபானத்துக்கு 150%. நாம் கேட்டது, நம் ஐடி ஆட்கள் அங்கே போய் வேலை பார்க்க அனுமதி, அப்புறம் இந்தியாவைத் தகவல் பாதுகாப்புள்ள நாடாக அங்கீகரிப்பது. அதற்கு அவர்கள் தயாரில்லை. பனியன் இதற்கெல்லாம் நடுவே பணயமாக உட்கார்ந்திருந்தது. இந்த மேசையில் எல்லாம் ஒத்துப்போகும்வரை எதுவுமே ஒத்துப்போனதாகக் கணக்கில்லை என்பது விதி. எல்லோரும் சம்மதித்த பொருள்கூட, சம்மதிக்காத பொருளுக்காகக் காத்துக்கிடக்கும். உங்கள் அப்பா காலத்திலிருந்து நீங்கள் காத்திருந்தது காருக்காக.

அறைக்குள் நடப்பது பார்க்க ரொம்பச் சாதாரணம். உலகம் முழுக்க எல்லாச் சரக்குக்கும் ஆறு இலக்க எண் உண்டு, பின்னலாடை டி-ஷர்ட் என்றால் 6109-இல் ஆரம்பிக்கும். அந்த மாதிரி ஆயிரக்கணக்கான வரிசைகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே உடனே பூஜ்யம், ஐந்து வருடத்தில் பூஜ்யம், இவ்வளவு டன்வரை மட்டும், தரவே முடியாது என்று ஏதோ ஒன்றை எழுத வேண்டும். சரக்கு அல்லாத அத்தியாயங்களில் ஒத்துவராத சொற்றொடரைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு வைப்பார்கள், இந்தியா சொல்வது ஓர் அடைப்பில், ஐரோப்பா சொல்வது இன்னொன்றில். சுற்றுக்குச் சுற்று அந்த அடைப்புகளை ஒவ்வொன்றாக எடுப்பதுதான் வேலை. அதிகாரிகள் பெரும்பாலானவற்றை எடுத்துவிடுவார்கள். மிச்சமிருக்கும் பத்துப் பதினைந்து அடைப்புகளுக்குத்தான் அமைச்சர்கள் இரவெல்லாம் உட்காருவார்கள்.

இதில் நிறையப் பேர் கவனிக்காத ஒன்று, பேச்சின் பெரும்பகுதி எதிராளியுடன் நடப்பதில்லை, வீட்டுக்குள்தான் நடக்கும். நம் வர்த்தக அமைச்சகம் காருக்கு வரி குறைப்பதாகச் சொல்வதற்கு முன் கனரகத் தொழில் அமைச்சகம், நிதி அமைச்சகம், கார் கம்பெனிகள் எல்லோரையும் சம்மதிக்க வைக்க வேண்டும். அங்கே ஐரோப்பிய ஆணையம் பேசுவதற்கு 27 நாடுகள் கட்டளை கொடுக்க வேண்டும், ஜெர்மனிக்கு கார் முக்கியம், பிரான்சுக்கு விவசாயி முக்கியம். எதிராளியிடம் ஒரு மாதத்தில் முடியும் விஷயம் வீட்டுக்குள் ஐந்து வருடம் எடுக்கும்.

இந்தத் தடவை முடிந்ததற்குக் காரணம் யாரோ ஒருவரின் சாமர்த்தியம் என்று நான் நினைக்கவில்லை. நிலைமை மாறிவிட்டது. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டுப் போனதும் ஸ்காட்ச் விஸ்கி இந்த மேசையிலிருந்தே போய்விட்டது, அதை பிரிட்டன் தனியாக நம்முடன் பேசி, 150%-ஐ முதலில் 75%, பத்து வருடத்தில் 40% என்று 2025 ஜூலை 24-இல் கையெழுத்து போட்டது. அப்புறம் உக்ரைன் போர், சீனாவையே நம்பியிருக்கும் பயம், அமெரிக்க வரி. இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் தேவைப்பட்டது. காருக்கு, வருடத்துக்கு இரண்டரை லட்சம் வண்டிவரை படிப்படியாக 10% என்று இறங்கி வந்தோம். அவர்களின் கார்பன் வரியிலிருந்து (சரக்கைத் தயாரிக்கும்போது வெளியாகும் கார்பனுக்கு இறக்குமதியில் போடும் கட்டணம்) விலக்கு கேட்டோம், கிடைக்கவில்லை, நம் இரும்பும் அலுமினியமும் அதைச் சுமக்கத்தான் வேண்டும்.

பால்சோறு

கப்பல்தாள் அண்ணா எழுதியதில் ஒன்று சேர்க்க வேண்டும். தராமல் விட்டதும் பேச்சில் ஒரு பாதிதான்.

எங்கள் வீட்டில் மூன்று மாடு. காலையும் மாலையும் சொசைட்டியில் பால் ஊற்றுகிறோம். 2019-இல் ஆர்செப் என்ற ஆசிய-பசிபிக் நாடுகளின் வர்த்தக ஒப்பந்தப் பேச்சு நடந்தபோது நியூசிலாந்துப் பால் பவுடர் வரியில்லாமல் வரும் என்ற பேச்சு ஊரெல்லாம் இருந்தது, எங்கள் அம்மா இரவில் தூங்கவில்லை. மாட்டை விற்றுவிடலாமா என்று கேட்டார்கள். நவம்பர் 4 அன்று பாங்காக்கில் இந்தியா சேரவில்லை என்று சொன்ன பிறகுதான் அந்தப் பேச்சு அடங்கியது. மற்ற 15 நாடுகள் அடுத்த வருடம் கையெழுத்து போட்டன. சேராததால் நஷ்டம் என்று படித்தவர்கள் நிறைய எழுதினார்கள், அதில் உண்மையும் இருக்கலாம். ஆனால் இரண்டு மாடு, மூன்று மாடு வைத்திருப்பவள் ஆயிரக்கணக்கில் மாடு வைத்திருக்கும் பண்ணையோடு போட்டி போட முடியாது. பிரிட்டன் ஒப்பந்தத்திலும் பால் பொருட்களைத் தொடவில்லை, ஐரோப்பாவிலும் தொடவில்லை. ஐரோப்பாவும் தன் பங்குக்கு மாட்டிறைச்சி, சர்க்கரை எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துக்கொண்டது. யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது.

நூல்கண்டு அண்ணா, உங்களுக்காக யார் பேசுகிறார்கள் என்று கேட்டீர்கள். எங்களுக்காகப் பேசியது கூட்டுறவுச் சங்கங்களும் விவசாய சங்கங்களும் போட்ட சத்தம்தான். சத்தம் கேட்டால்தான் அந்த வரிசைக்கு எதிரே தரவே முடியாது என்று எழுதுவார்கள்.

மருந்துச்சீட்டு

சத்தம் போடுவதற்கு முதலில் என்ன பேசுகிறார்கள் என்று தெரிய வேண்டுமே. நான் மருந்துத் துறையில் இருக்கிறேன். முதல் சுற்றில், 2010, 2011 வாக்கில், ஐரோப்பா கேட்டவற்றில் ஒன்று மருந்துப் பரிசோதனைத் தகவலுக்குத் தனி உரிமை. கேட்க ஏதோ தொழில்நுட்ப விஷயம் மாதிரி இருக்கும். நடைமுறையில் என்னவென்றால், காப்புரிமையே இல்லாத மருந்துக்கும் சில வருடங்கள் வேறு கம்பெனி அந்தப் பரிசோதனைத் தகவலைக் காட்டி அனுமதி வாங்க முடியாது, அதுவரை மலிவு மருந்து கிடையாது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அப்போது இதை எதிர்த்து உலகம் முழுக்கப் பிரசாரம் செய்தது, ஆப்பிரிக்காவில் அவர்கள் கொடுக்கும் எச்ஐவி மருந்து பெரும்பாலும் இந்தியாவில் தயாரானது. அதே சமயத்தில்தான் இங்கே ரத்தப்புற்றுநோய் மருந்து கிளிவெக் வழக்கு நடந்து, 2013 ஏப்ரல் 1-இல் உச்ச நீதிமன்றம் சுவிஸ் கம்பெனி நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை மறுத்தது. கோர்ட்டில் ஜெயித்ததை ஒப்பந்தத்தில் ஒரு வரியில் தோற்றுவிடலாம். எனக்கு அந்த வருடங்களில் இருந்த பதற்றம் இன்னும் நினைவிருக்கிறது.

இதில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று. ஐரோப்பிய ஆணையம் தன் முன்மொழிவுகளைத் தன் தளத்தில் வெளியிடுகிறது. அவர்களும் தானாக அந்த இடத்துக்கு வரவில்லை. அமெரிக்காவுடன் 2013-இல் ஆரம்பித்த பேச்சில் எல்லாமே ரகசியம், நாடாளுமன்ற உறுப்பினர்களே பூட்டிய அறையில் உட்கார்ந்துதான் சில ஆவணங்களைப் படிக்க முடியும் என்று வைத்திருந்து, மக்கள் எதிர்ப்பு பெரிதாகக் கிளம்பிய பிறகுதான் திறந்துவிட்டார்கள். அந்த ஒப்பந்தம் 15 சுற்றோடு 2016-இல் நின்றும் போனது. நம் அரசு தன் முன்மொழிவுகளை வெளியிடுவதில்லை. நம்மிடம் என்ன கேட்கிறார்கள் என்பதை அவர்கள் தளத்தில் போய்ப் படிக்க வேண்டியிருக்கிறது. பாலுக்குச் சத்தம் எழுந்தது, ஏனென்றால் பால் எல்லோருக்கும் புரியும். தகவல் தனி உரிமைக்கு யார் சத்தம் போடுவார்கள்?

ஆற்றோரம்

மருந்துச்சீட்டு எழுதியதைப் படித்த பிறகு யோசித்தேன். 88 நாள் என்று பெருமையாக எழுதினேன், அந்த 88 நாளில் யாரும் சத்தம் போட நேரமே இருந்திருக்காது. சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். வேகம் வேண்டாம் என்று மட்டும் இன்னும் சொல்ல மாட்டேன்.

நூல்கண்டு

எல்லோருக்கும் நன்றி. காருக்காகக் காத்திருந்தோம் என்று படித்ததும் அண்ணனிடம் மொபைலைக் கொடுத்தேன், அவர் இரண்டு தடவை படித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

ஒரு சந்தேகம். எங்கள் ஆர்டரில் இரண்டு ஸ்டைல். ஒன்று முழுக்கக் காட்டன், நூலிலிருந்து எல்லாம் இங்கேயே, நிட்டிங், டையிங், காம்பாக்டிங் எல்லாம் பக்கத்திலேயே ஜாப் ஒர்க், அதாவது வேறு யூனிட்டில் கூலிக்குக் கொடுத்துச் செய்வது. இன்னொன்று விளையாட்டு உடை மாதிரி பாலியெஸ்டர், அதற்குத் துணியாகவே சீனாவிலிருந்து வாங்கி இங்கே வெட்டித் தைக்கிறோம். ஒப்பந்தம் வந்த பிறகு இரண்டுக்குமே பூஜ்யம்தானே? மேட் இன் இந்தியா லேபிள்தான் இரண்டிலும்.

துறைமுகத்துக்காரர்

லேபிளை வைத்துச் சுங்கம் எதையும் முடிவு செய்யாது ஐயா. நான் சுங்கத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்தத் திரியிலேயே மிக முக்கியமான கேள்வி இதுதான், எல்லோரும் வரி எத்தனை சதவீதம் என்று பார்க்கிறார்கள், ஆரிஜின் விதி, அதாவது சரக்கு எந்த நாட்டில் உருவானதாகக் கணக்கு என்று சொல்லும் விதி, என்ன என்று யாரும் பார்ப்பதில்லை.

அந்த விதி ஏன் வந்தது என்று ஒரு கதை சொல்கிறேன், உண்மையில் நடந்தது. இந்தியாவும் இலங்கையும் 1998-இல் கையெழுத்து போட்டு 2000-இல் வரியில்லா வர்த்தகம் ஆரம்பித்தன. கொஞ்ச நாளில் இலங்கையிலிருந்து வனஸ்பதி கப்பல் கப்பலாக வர ஆரம்பித்தது. இலங்கையில் அதற்குத் தேவையான அளவு பாமாயில் விளைவதில்லை. மலேசியா, இந்தோனேசியாவிலிருந்து பாமாயிலை அங்கே குறைந்த வரியில் இறக்கி, வனஸ்பதியாக மாற்றி, இந்தியாவுக்குள் வரியில்லாமல் அனுப்பினார்கள். நேராக இந்தியாவுக்குப் பாமாயில் கொண்டுவந்தால் பெரிய வரி. இந்த லாபத்துக்காகவே அங்கே ஆலை போட்டவர்களில் இந்தியர்களும் உண்டு. கடைசியில் வருடத்துக்கு இரண்டரை லட்சம் டன் என்று உச்சவரம்பு வைக்க வேண்டி வந்தது. மிளகிலும் இதே தகராறு, வேறு நாட்டு மிளகு இலங்கை மிளகாகி வருகிறது என்று குடகு, கேரள விவசாயிகள் கத்தினார்கள், அதற்கு 2,500 டன் வரம்பு. ஆற்றோரம் சொன்ன அமீரக ஒப்பந்தத்திலும், பிளாட்டினம் கலவை என்ற பெயரில் பெரும்பகுதி தங்கமாகவே இருந்த சரக்கு குறைந்த வரியில் வந்து, பிறகு கட்டுப்பாடு போட்டார்கள். பேச்சு மேசையில் ஒரு வரிசைக்கு விதியைச் சரியாக எழுதாவிட்டால் துறைமுகத்தில் நாங்கள்தான் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். 2020 செப்டம்பரில் இந்தியா இறக்குமதியாளர்களுக்கே ஆரிஜின் ஆதாரம் வைத்திருக்கும் பொறுப்பைக் கொடுத்துப் புது விதி கொண்டுவந்ததும் இந்த அனுபவத்தால்தான்.

இப்போது உங்கள் துணி. ஐரோப்பா தன் ஒப்பந்தங்களில் உடைகளுக்கு வழக்கமாகக் கேட்பது இரண்டு கட்ட வேலை. துணி பின்னுவதும் தைப்பதும் அதே நாட்டில் நடந்திருக்க வேண்டும். வெட்டித் தைத்தால் மட்டும் போதாது. பின்தங்கிய நாடு என்ற சலுகையில் வங்கதேசத்துக்கு ஒரு கட்டம் போதும், அதனால்தான் அவர்கள் சீனத் துணியைத் தைத்தே பூஜ்யத்தில் அனுப்ப முடிகிறது. வியட்நாம் தன் ஒப்பந்தத்தில் சாமர்த்தியமாக ஒன்றைக் கேட்டு வாங்கியது, தென்கொரியத் துணியைத் தைத்தாலும் வியட்நாம் துணியாகவே கணக்கு. அதனால் உங்கள் காட்டன் ஸ்டைலுக்குப் பெரும்பாலும் பிரச்சினை இருக்காது. பாலியெஸ்டர் ஸ்டைலுக்கு, ஒப்பந்தப் பட்டியலில் உங்கள் வரிசைக்கு எதிரே என்ன விதி என்று ஓர் ஆளை வைத்துப் படித்துப் பார்க்காமல் பூஜ்யம் என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

இன்னொன்று. ஐரோப்பாவுக்கு ஆரிஜின் சான்று பெரும்பாலும் ஏற்றுமதியாளரே கொடுக்கும் உறுதிமொழிதான், அதற்கான பதிவு எண்ணான ரெக்ஸ் எண் உங்களிடம் இருக்கும். சரக்கு விற்று முடிந்த பிறகும்கூட அந்த நாட்டுச் சுங்கம் திரும்பிக் கேட்கலாம். நூல் வாங்கிய பில், நிட்டிங் டெலிவரி சலான், டையிங் பில் எல்லாம் அந்த ஸ்டைலோடு பொருந்தி இருக்க வேண்டும். ஜாப் ஒர்க் கொடுக்கும் சின்ன யூனிட்டுகளில் இதுதான் சிதறிக் கிடக்கும். ஆதாரம் இல்லையென்றால் விலக்கு ரத்து, டியூட்டியைத் திரும்பக் கட்டச் சொல்வார்கள். எஃப்ஓபி என்றால் அது பையர் தலையில். டிடிபி என்றால் உங்கள் தலையில்.

கப்பல்தாள்

ஐயா சொன்னதற்குப் பிறகு நான் சேர்க்க எதுவும் இல்லை. தம்பி, இரண்டு ஸ்டைலுக்கும் ஒரே விலைத்தாள் போடாதீர்கள். தனித்தனியாகப் போடுங்கள்.

நூல்கண்டு

சரிங்க. இன்று காலை அண்ணனும் நானும் உட்கார்ந்து பதில் அனுப்பிவிட்டோம். காட்டன் ஸ்டைலுக்கு, சரக்கு இறங்கும் நாளின் டியூட்டிப்படி விலை, குறைந்தால் முழுவதும் கழித்துத் தருகிறோம் என்று எழுதினோம். பாலியெஸ்டருக்கு எஃப்ஓபி விலை மட்டும். பையர் இன்னும் பதில் போடவில்லை, போனால் போகட்டும் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, ஆனால் 12%-ஐ எங்கள் பணத்தில் கட்டும் நிலைமை வராது.

சத்தம் பற்றி பால்சோறு சொன்னதும் மனதில் நிற்கிறது. சங்கக் கூட்டத்துக்கு இதுவரை நான் போனதே இல்லை, பெரிய கம்பெனிக்காரர்கள் பேசுவார்கள் என்று விட்டுவிடுவேன். அடுத்த கூட்டத்தில் இந்தச் சீனத் துணி விஷயத்தைக் கேட்கப் போகிறேன், எங்களை மாதிரி பாலியெஸ்டரைத் துணியாக வாங்குகிறவர்கள் எங்கள் தெருவிலேயே ஏழு பேர் இருக்கிறோம்.

துறைமுகத்துக்காரர் ஐயா, 2024-இல் அனுப்பிய ஒரு ஸ்டைலை எடுத்து ஒத்திகை மாதிரி பில்களைக் கோர்த்துப் பார்த்தோம். நூல் பில் இருக்கிறது, டையிங் பில் இருக்கிறது, நிட்டிங் சலானில் பாதி காணோம். அதைத் தேடி நாளைக்கு நிட்டிங் யூனிட்டுக்குப் போகிறேன். கிடைத்ததைப் படம் எடுத்துப் போடுகிறேன், போதுமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.